அகத்திக் கிளையும் இரவல் ஆமையும்

கடலாமையையும் அசுவினிப் பூச்சியையும் ஒப்பிட்டுப் பேசு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இன்றைக்கும் கடகடவென்று ஒப்பிப்பேன். ஒன்றுக்கு முதுகெலும்பு உண்டு, மற்றதற்குக் கிடையாது. ஒன்று முட்டையிடும், மற்றது குட்டி போடும். இரண்டுக்கும் பல் இல்லை. பதினைந்து வயதில் உருப்போட்டது. என் கல்யாணமே அந்தப் பாடத்தில் தொங்கிக்கொண்டிருந்ததால் மறக்க வழியில்லாமல் போயிற்று.

பிளஸ் டூ புதிதாக வந்திருந்த சமயம் அது. சுங்குவார்சத்திரத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். எங்கள் பள்ளியில் பத்தாவது வரைதான். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை.

"பஸ் ஏறிப் போற பொண்ணு வூட்ல ஒண்ணு பேசும், வெளிய ஒண்ணு பேசும். நான் எத்தினி பாத்துட்டேன்" என்பாள். எத்தனை பேரைப் பார்த்தாள் என்று கேட்டால் ஒரு பெயரும் வராது. ஆனாலும் அவள் சொன்னால் சொன்னதுதான்.

அம்மாவின் ஒரே தம்பி, என் தாய்மாமன், மணிமங்கலத்தில் இருந்தார். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் லேத் வேலை. நான் தொட்டிலில் கிடந்தபோதே அவருக்கு என்னைக் கொடுப்பதென்று பேசியாகிவிட்டது. லீவு நாளில் வருவார். பக்கோடா பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஷிப்ட், ஓ.டி. என்று அப்பாவிடம் பேசிக்கொண்டிருப்பார். நல்ல மனுஷர்தான். அவர்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவரைக் கட்டிக்கொள்ள ஆசையும் துளிக்கூட இல்லை. என்னைத் தூக்கி வளர்த்த கையைப் பிடித்துக்கொண்டு மணவறை சுற்றுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அப்பாதான் நடுவில் ஒரு கட்டை போட்டார். "நம்ப ஸ்கூல்லயே பன்னெண்டாவது வந்துச்சின்னா அது ரெண்டு வருஷம் படிக்கட்டும். வரலன்னா ஆவணில முடிச்சுடலாம். உன் தம்பிகிட்ட சொல்லிடு." அம்மா உடனே தலையாட்டிவிட்டாள். எங்கள் ஊருக்குப் பன்னிரண்டாவது வருவதாவது என்ற நம்பிக்கைதான் காரணம்.

மாசி மாதம் செய்தி வந்தது. பள்ளியை உயர்த்தலாமா வேண்டாமா என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஓர் ஆய்வு அதிகாரி வரப்போகிறார். கட்டடம் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். ஆய்வுக்கூடம்தான் இல்லை. ஒரு அறை, பூட்டில்லாத ஒரு பீரோ, ஒரு காந்தம், ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும் தராசு. எங்களுக்கு அறிவியல் எடுத்தவர் தலைமையாசிரியரேதான். அவர் எல்லாப் பள்ளிகளும் செய்வதைச் செய்தார். அதாவது, ஆய்வு முடிந்து அனுமதி வாங்கிவிட்ட இன்னொரு பள்ளியிலிருந்து சாமான்களை இரவல் வாங்கிவரப் போனார். கல்யாண வீட்டுக்கு அண்டாவும் ஜமுக்காளமும் கேட்டு வாங்குவதைப் போலத்தான் அதை அப்போது எல்லாரும் நினைத்தார்கள். யாரும் அதைத் தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

தலைமையாசிரியர் கோணிப்பையில் கட்டிக் கொண்டுவந்தது ஒரே ஒரு கடலாமை. வைக்கோல் அடைத்து, வார்னிஷ் பூசி, இரண்டடி நீளத்துக்கு. ஜாடியில் ஊறவைத்த தேள், நட்சத்திர மீன் எல்லாம் தருகிறேன் என்றவர்கள் கடைசியில் கையை விரித்துவிட்டார்களாம்.

"முதுகெலும்பு உள்ளதுக்கு இது ஆச்சு. இல்லாததுக்கு என்ன பண்றது?" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றவரின் கண் ஜன்னலுக்கு வெளியே இருந்த அகத்தி மரத்தின் மேல் போயிற்று. இளங்கிளையெல்லாம் கறுப்பாய் அசுவினி மொய்த்துக் கிடந்தது. ஒரு கிளையை ஒடித்து மைப்புட்டியில் தண்ணீர் ஊற்றிச் செருகி ஆமைக்குப் பக்கத்தில் வைத்தார். எங்கள் பள்ளியின் விலங்கியல் ஆய்வுக்கூடம் அவ்வளவுதான்.

விளக்கம் சொல்ல என்னைத்தான் பிடித்தார். "ரெண்டையும் ஒப்பிட்டுச் சொல்லணும். நிறுத்தாம பேசு. நீ பேசிக்கிட்டே இருந்தா அவர் வேற எதையும் பாக்க மாட்டார்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆமையக் கையால தொடாத. குச்சியால காட்டு" என்றார்.

அன்று முதல் பத்து நாள் அந்த அறையிலேயே கிடந்தேன். அப்பாவுக்கு நான் அசுவினியைப் படிக்கிறேன் என்றதும் சிரிப்புத் தாங்கவில்லை. வேர்க்கடலைக் கொல்லையில் அசுவினி விழுந்தால் மருந்தடித்தே நொந்து போகிறவர் அவர். "அத ஒழிக்கறதுக்குப் படிக்கறியா, வளக்கறதுக்கா?" என்றார். ஆனால் மறுநாளே, "எந்த மட்டும் படிச்ச?" என்று விசாரித்தார்.

பூதக்கண்ணாடியில் பார்க்கப் பார்க்க எனக்கு அந்தப் பூச்சியின் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. கடுகு அளவு உடம்பு. ஊசி வாயைத் தண்டில் குத்திவிட்டு அசையாமல் சாறு குடிக்கும். குடித்ததில் சர்க்கரை மிச்சமாகிப் பின்னால் சொட்டாக வெளியே வரும். அதை நக்க எறும்பு வரிசை கட்டி வரும். ஆமைக்கோ கடல்தண்ணீரின் உப்பு மிச்சமாகிக் கண்ணோரமாகக் கண்ணீராய் வழியும். கரைக்கு வந்த ஆமை அழுகிறது என்று ஜனங்கள் சொல்வது அதைத்தான் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. ஒன்று உப்பைக் கழிக்கிறது, ஒன்று சர்க்கரையைக் கழிக்கிறது. இதை நானே சேர்த்துக் கண்டுபிடித்தேன். தலைமையாசிரியர்கூட, "அட" என்றார்.

ஆமைக்குப் பருவம் வரப் பல வருஷம் ஆகும். ஊர் ஊராய்க் கடலில் சுற்றிவிட்டு மணலில் ஏறி நூற்றுக்கு மேல் முட்டையிட்டு, மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். குஞ்சு பிழைத்தால் பிழைத்தது. அசுவினி பிறந்த ஏழெட்டு நாளில் தாயாகிவிடும். காலை மணி அடித்ததிலிருந்து சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஒரே தாய் மூன்று குட்டி போட்டதை நான் எண்ணினேன். குட்டி பின்பக்கமாய் வெளியே வந்து, காலை உதறிக்கொண்டு, தாய்க்குப் பக்கத்திலேயே ஊசியைக் குத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அந்தக் குட்டியின் வயிற்றிலும் அப்போதே குட்டி இருக்குமாம். ஆண் பூச்சியே வேண்டாம். இந்த ஜாதிக்குத் தாய்மாமன் தொல்லை கிடையாது என்று நினைத்து நான் தனியாகச் சிரித்தது உண்டு. கிளையில் இடம் நெருக்கினால் மட்டும் அடுத்துப் பிறக்கிறதுகளுக்கு இறக்கை முளைக்கும் என்று படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு எங்கே முளைக்கப் போகிறது என்று இருந்தது.

ஆய்வுக்கு முந்தின நாள் ஆமையின் மேல் தூசி படிந்திருந்தது. ஈரத் துணியால் துடைக்கத் தூக்கினேன். அடிப்பக்கத்தில் பச்சை மையில் ஏதோ எழுதியிருந்தது கண்ணில் பட்டது. படிப்பதற்குள் தலைமையாசிரியர் ஓடிவந்து பிடுங்கிக் கீழே வைத்துவிட்டார்.

"தொடாதன்னு சொன்னேன் இல்ல?" கதவைச் சாத்திவிட்டு வந்து அவரே சொன்னார். "எந்த ஸ்கூல்ல சாமானைப் பாத்தாலும் ஆபீசர் அதுல கையெழுத்து வெச்சு தேதி போடுவார். அந்த ஸ்கூல்லயும் போட்டிருக்கார். வார்னிஷ் மேல போட்டது, அழிக்க முடியல. நீ வாயத் தொறக்காத."

அன்று வீட்டுக்கு மாமன் வேறு வந்திருந்தார். ஆவணியில் எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு வைத்திருப்பதாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தலைக்குள் பச்சை மைதான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி ஒல்லியாக இருந்தார். அடிக்கடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கத்துகிற ஆள் இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. முதலில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். பச்சை மைப் பேனா. பெரிய அதிகாரிகள் எல்லாரும் பச்சை மையில்தான் எழுதுவார்கள், அது வேறு ஆளாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அறைக்குள் வந்தார். தலைமையாசிரியர் கண்ணைக் காட்டினார். நான் ஆரம்பித்தேன். முதுகெலும்பு, நுரையீரல், ஓடு, துடுப்புக் கால், ஆறு கால், ஊசி வாய். உப்பு, சர்க்கரை என்று வந்தபோது அவர் முகம் மலர்ந்தது. பூதக்கண்ணாடியை வாங்கிக் கிளைமேல் குனிந்தார்.

"குட்டி போடுதும்மா இங்க ஒண்ணு" என்றார். குரலில் நிஜமான சந்தோஷம். எனக்கும் தெம்பு வந்தது. ஏழெட்டு நாள் கணக்கை, இறக்கைக் கணக்கை எல்லாம் கொட்டினேன். மூச்சு வாங்க நிறுத்தினேன். நிறுத்தியிருக்கக் கூடாது.

"இந்த ஆமை ஆணா, பெண்ணா?" என்றார்.

"பெண்ணுங்க சார். வால் குட்டையா இருக்கு."

"சரி. இன்னொரு அடையாளமும் உண்டே. ஆணுக்கு அடிவயிறு குழிஞ்சிருக்கும். பாக்கலாமா?"

நான் குச்சியைப் பிடித்தபடி நின்றேன். தலைமையாசிரியர் ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டார். அதிகாரியே இரண்டு கையாலும் ஆமையைத் தூக்கிப் புரட்டி மேஜைமேல் மல்லாக்க வைத்தார்.

ஒரு கையெழுத்து இல்லை, ஐந்து. ஒன்றின்கீழ் ஒன்றாக, ஐந்தும் ஒரே வளைவு, ஐந்துக்கும் வேறு வேறு தேதி. சற்று முன் பதிவேட்டில் பார்த்த அதே வளைவு. இந்த மனுஷர் ஐந்து பள்ளியில் இதே ஆமையைப் பார்த்திருக்கிறார். தொலைந்தோம் என்று நினைத்தேன். ஆவணி மாதம் என் கண்ணெதிரே வந்து நின்றது.

அவர் பேனா மூடியைக் கழற்றினார். தலை நிமிராமலே, "இது உங்க ஸ்கூலுதுதானே?" என்றார்.

"ஆமாங்க சார்" என்றார் தலைமையாசிரியர்.

அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, உங்க ஸ்கூலுதுதானே?"

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே பூனை எலியை உருட்டுவதுபோல் உருட்டுகிறாரே என்று கோபம். மாட்டிக்கொண்டாகிவிட்டது, இனிமேல் உண்மையைச் சொன்னாலாவது மனம் இரங்குவார் என்று ஒரு கணக்கு. இரண்டும் சேர்ந்து என்னைப் பேச வைத்தன.

"இல்லீங்க சார். ஆமை இரவல். இந்தக் கெளைதான் எங்களுது."

பேனா ஆமையின் வயிற்றுக்கு மேலே ஓர் அங்குலத்தில் நின்றது. ஐந்தாவது கையெழுத்துக்குக் கீழே காலியாக இருந்த இடத்துக்கு நேராக. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் ஆறாவது கையெழுத்தைப் போடப் போனார்.

அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா நானும் பாக்காம இருந்திருப்பேன்மா" என்றார் மெதுவாக. "காதுல விழுந்துட்டுது. இனிமே எப்படி விழாத மாதிரி எழுதறது?"

வாங்கி வைத்திருந்த கலர் சோடாவைத் தொடாமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். தலைமையாசிரியர் என்னைத் திட்டவில்லை. ஆமையைக் கோணியில் போட்டுக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "உன்னோட சேத்து பத்தாவதுல எட்டுப் பொண்ணுங்கம்மா. பையன்களாவது எங்கயாவது போய்ப் படிச்சுப்பானுங்க" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

அப்பாவுக்கு விஷயம் நான் வீட்டுக்குப் போவதற்குள் போய்விட்டது. அவ்வளவு கோபமாய் அவரை நான் பார்த்ததில்லை.

"ஆமாங்கன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்துடுமா? உனக்காகத்தான நான் இவகிட்ட பேசி நிறுத்தி வெச்சிருந்தேன். ஒரு செத்த ஆமைக்கு ஒரு பொய் சொல்ல வரலியா உனக்கு?"

அம்மா எங்களைப் பார்க்காமல் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் நினைத்தது நடந்துவிட்டது, பேச என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரையில் உத்தரவு வந்தது. இந்த வருஷம் இல்லை, ஆய்வுக்கூடம் அமைத்த பிறகு மறுபடி மனுப் போடலாம். அப்பா அதைக் கேட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனவர் பொழுது சாயத்தான் வந்தார். நானும் அம்மாவும் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தோம்.

"அந்த ஆபீசர் கேட்டப்போ உனுக்கு பயமா இல்லியா?" என்றாள் அம்மா திடீரென்று.

"இருந்துச்சு."

"அப்புறம் இன்னாத்துக்கு சொன்ன? பெரிய அரிச்சந்திரன்னு நெனப்பா?"

"அதெல்லாம் இல்லம்மா. மாட்டிக்கினோம்னு நெனச்சேன். சொல்லிட்டா வுட்டுடுவாருன்னு நெனச்சேன். கையெழுத்து போட வந்தாருன்னு தெரிஞ்சிருந்தா வாயத் தொறந்தே இருக்க மாட்டேன்."

அம்மா கடலை உடைப்பதை நிறுத்தினாள். என் முகத்தையே பார்த்தாள். அறை விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. அவள் மறுபடி கடலையை எடுத்து உடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் அவள் யாரிடமும் சொல்லாமல் இரண்டு பஸ் மாறி மணிமங்கலம் போனாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"இத காஞ்சீவரத்துல சேத்துடு."

அப்பா ஒன்றும் புரியாமல் பார்த்தார். "பஸ்ஸுன்னா வாணாம்னு குதிப்ப?"

"நல்லவளாட்டம் பேசியிருந்தா அனுப்ப மாட்டேன். பயந்து சொன்னேன்னு பெத்தவகிட்டயே ஒத்துக்குது. வூட்ல ஒண்ணு வெளிய ஒண்ணு பேச இதுக்கு வராது. இத அனுப்ப எனுக்கு இன்னா பயம்?"

"உன் தம்பி?"

"ரெண்டு வருஷம் பொறுத்துக்கடான்னேன். பஸ் ஏறின பொண்ணு எனுக்கு வாணாம்னுட்டான். வார்த்த மாறினவ எனுக்கு அக்காவும் இல்லன்னுட்டான்."

சொல்லும்போது அவள் குரல் ஆடவில்லை. நான்தான் அழுதேன். சந்தோஷமா, பயமா, அவளைப் பார்த்தா என்று தெரியாமல் அழுதேன்.

ஜூனில் காஞ்சிபுரத்தில் சேர்ந்தேன். தினம் காலை இரண்டு மைல் நடந்து, சுங்குவார்சத்திரத்தில் ஏழரை பஸ்ஸைப் பிடிப்பேன். ஆவணியில் மாமனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துக் கல்யாணம் நிச்சயமாயிற்று. எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு வந்ததைப் பார்த்துத்தான் நாளும் முகூர்த்தமும் தெரிந்தது. காலை ஏழரையிலிருந்து ஒன்பது.

எங்கள் பக்கத்தில் தாலிக்கு மூன்று முடிச்சு. முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் போட வேண்டியது அவருடைய உடன்பிறந்தவள். மாமனுக்கு உடன்பிறந்தவள் அம்மா ஒருத்திதான்.

அன்றைக்கு அம்மா எப்போதும்போல விடிவதற்கு முன்னால் எழுந்து சோறு வடித்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். கூறைப்புடவையைக் கட்டியிருந்தாள். அதை அவள் அதற்குமுன் ஊர்த் திருவிழாவுக்குக்கூட எடுத்ததில்லை. யாராவது கூப்பிட வருவார்கள் என்று அவள் கடைசிவரை நினைத்திருக்க வேண்டும். நான் கிளம்ப மனமில்லாமல் நின்றேன். "நான் இன்னிக்கு போவலம்மா" என்றேன்.

"இன்னாத்துக்கு? லீவா வுட்டுக்கீறாங்க?" என்று கேட்டுவிட்டு, டிபன் டப்பாவைப் பையில் வைத்து என் தோளில் மாட்டினாள். பை நாடா நீளமாக இருந்தது. அதைச் சுருக்கிக் கட்டிவிடக் குனிந்தாள். அவள் விரல் இரண்டு முடிச்சுப் போட்டது. போட்ட பிறகும் கொஞ்ச நேரம் அந்த நாடாவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பு. பஸ் போயிடும்" என்றாள்.